பிலிப்பைன்ஸ் குடும்பம் ஒன்று வறுமையிலிருந்து வெளியே வர மாதம் எவ்வளவு வேண்டும்?

செந்தில்_ஜெபல்அலி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. துபாயில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறேன். கூட இருப்பவர்களில் பாதிப்பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்களில் ஒருவர், மணிலா பெருநகரில் உள்ள காலோகானைச் சேர்ந்தவர், ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள், அவருடைய அம்மா என்று மொத்தம் 5 பேர். ஊரில் மாதம் எவ்வளவு வந்தால் கடன் இல்லாமல், பிள்ளைகளின் படிப்பு நிற்காமல் குடும்பம் ஓடும் என்பதுதான் அவருடைய கேள்வி.

நானும் சும்மா தேடிப் பார்த்தேன், குழம்பிப்போனேன். 2023 அரசுக் கணக்குப்படி 5 பேர் உள்ள குடும்பத்துக்கு வறுமைக் கோடு மாதம் 13,873 பெசோ. நம் காசில் சுமார் 20,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் குடும்பங்கள் 10.9 சதவீதம் மட்டுமே என்கிறார்கள். ஆனால் 2024 டிசம்பரில் சோஷியல் வெதர் ஸ்டேஷன்ஸ் நடத்திய கருத்துக்கணிப்பில் 63 சதவீதக் குடும்பங்கள் "நாங்கள் ஏழைகள்" என்று சொல்லியிருக்கின்றன. ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே காலம். ஒன்று பத்து, இன்னொன்று அறுபது. இதில் எதை நம்புவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மகிழ்நன் எழுதியது:

செந்தில், இரண்டுமே சரிதான். இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

முதலில் அரசுக் கோடு எப்படி வருகிறது என்று சொல்கிறேன். புள்ளியியல் ஆணையம் ஒரு நாள் சாப்பாட்டுப் பட்டியலை வைத்துத் தொடங்குகிறது. காலையில் முட்டைப் பொரியல், பால் சேர்த்த காபி, சோறு. மதியம் முருங்கைக்கீரையும் நெத்திலிக் கருவாடும் போட்ட பச்சைப்பயறு, சோறு, ஒரு வாழைப்பழம். இரவு பொரித்த மீன் அல்லது வேகவைத்த பன்றி இறைச்சி, ஒரு காய், சோறு. இடையில் ரொட்டி அல்லது வேகவைத்த கிழங்கு. உடம்புக்கு வேண்டிய கலோரியும் புரதமும் முழுசாக, மற்ற சத்துகள் 80 சதவீதமாவது கிடைக்கும்படி, இருப்பதிலேயே மலிவாக அமைத்த பட்டியல் அது. மாகாணத்துக்கு மாகாணம் அங்கே கிடைக்கும் பொருளை வைத்து மாற்றிக்கொள்வார்கள். 2023இல் இதற்கு ஆன செலவு 5 பேருக்கு மாதம் 9,581 பெசோ. இது உணவுக் கோடு.

சாப்பாடு தவிர மற்றதற்கு? துணி, வாடகை, அடுப்பு எரிபொருள், மருந்து, படிப்பு, பஸ் செலவு எல்லாவற்றுக்கும் தனியாகப் பட்டியல் கிடையாது. உணவுக் கோட்டின் அருகில் இருக்கும் குடும்பங்கள் தங்கள் அடிப்படைச் செலவில் எவ்வளவு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவிடுகின்றன என்று பார்த்து, அந்த விகிதத்தில் மேலே கூட்டுகிறார்கள். 13,873இல் 9,581 போனால் மிச்சம் 4,292. ஐந்து பேருக்கு, முப்பது நாளைக்கு, சோறு தவிர எல்லாமே இந்த 4,292க்குள்.

இந்த முறையில் எனக்குப் பெரிய உறுத்தல் இங்கேதான். ஏழைக் குடும்பம் மருந்துக்குக் குறைவாகச் செலவு செய்கிறது என்றால், அதற்கு மருந்து தேவையில்லை என்று அர்த்தமல்ல, வாங்க முடியவில்லை. அந்த இயலாமையே கோட்டின் கணக்கில் "தேவை" ஆகிவிடுகிறது.

இன்னொன்று, செந்தில் சொன்ன 10.9 குடும்பக் கணக்கு. தலைக்கணக்கில் பார்த்தால் 15.5 சதவீதம், அதாவது 1 கோடியே 75 லட்சம் பேர். ஏழைக் குடும்பங்களில் ஆட்கள் அதிகம் என்பதால் வரும் வித்தியாசம் இது.

சோஷியல் வெதர் ஸ்டேஷன்ஸ் செய்வது முற்றிலும் வேறு. குடும்பத் தலைவரிடம் ஓர் அட்டையைக் காட்டுவார்கள். ஒரு பக்கம் "ஏழை", மறுபக்கம் "ஏழை இல்லை", நடுவில் ஒரு கோடு. உங்கள் குடும்பம் எங்கே என்று அவரே கை வைத்துக் காட்ட வேண்டும். 1983இலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். இதைத் தொடங்கிய மஹர் மங்காஹாஸ் வாதம் எளிமையானது: வறுமையை அனுபவிப்பவனைவிட அதை நன்றாக அளக்கக்கூடியவர் யார்?

---

கீர்த்தனா_டவாவோ எழுதியது:

நான் பிலிப்பைன்ஸின் டவாவோ நகரில் மருத்துவம் படிக்கிறேன். நம்மூர்ப் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். மகிழ்நன் அண்ணா சொன்ன 9,581ஐ ஆளுக்கு, நாளுக்கு என்று வகுத்தால் 64 பெசோ வரும். 2024 ஆகஸ்டில் செனட்டில் இந்த 64 வெளியே வந்ததும் நாடே கொந்தளித்தது. பொருளாதாரத் திட்டமிடல் செயலாளர் பாலிசாக்கானிடம் கேட்டபோது, நாளுக்கு 64 பெசோவுக்கு மேல் சாப்பாட்டுக்குச் செலவு செய்பவர் உணவு ஏழை அல்ல என்பதுதான் கணக்கு என்று விளக்கினார். ஒரு வேளைக்கு 21 பெசோ. 2011இல் நம் திட்டக் கமிஷன் நகரத்துக்கு 32 ரூபாய் என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னபோது எழுந்த அதே கோபம்.

21 பெசோவுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்கிறேன். இங்கே தெருவோரச் சாப்பாட்டுக் கடையைக் கரிந்தேரியா என்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அலுமினியத் தட்டுகளில் குழம்பு, பொரியல் எல்லாம் வைத்திருப்பார்கள். ஒரு கிண்ணம் சோறு மட்டும் 12, 15 பெசோ. காய்கறிக் குழம்பு சின்னக் கிண்ணம் 30க்குக் குறையாது. இறைச்சி என்றால் 60ஐத் தொடும். ஆக 21 பெசோவுக்குச் சோறும், கேட்டால் ஊற்றும் சூப்பும்தான். சூப் இலவசம் என்பதால் பலர் அதையே குழம்பாக ஊற்றிச் சாப்பிடுவதை மதியம் போனால் பார்க்கலாம். வீட்டில் சமைத்தால் மலிவாக வரும், உண்மைதான். ஆனால் ஒரு முட்டையே 8, 9 பெசோ.

அரிசியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் அரிசி விலை முந்தைய ஆண்டைவிட 24 சதவீதம் கூடியிருந்தது, 15 ஆண்டுகளில் இல்லாத உயர்வு. உணவுக் கோட்டில் இருக்கும் குடும்பத்தின் தட்டில் பாதிக்கு மேல் சோறுதானே. அரிசி ஏறினால் அவர்கள் கோடே அவர்கள் காலடியிலிருந்து நகர்ந்துவிடுகிறது.

---

பாண்டியன்_தொழிற்சங்கம் எழுதியது:

நல்ல இழை. கூலிப் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் செந்தில் தம்பியின் நண்பர் ஊருக்குப் போனால் கூலி வேலைக்குத்தான் போகப்போகிறார்.

மணிலா பெருநகரில் 2025 ஜூலையிலிருந்து குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 695 பெசோ. மாதம் 26 நாள் வேலை என்றால் 18,070. இதில் சமூகப் பாதுகாப்பு நிதிக்கு 5 சதவீதம், பில்ஹெல்த் காப்பீட்டுக்கு 2.5 சதவீதம், வீட்டுவசதி நிதிக்கு 200 பெசோ பிடித்தம். வருமான வரி கிடையாது. கையில் வருவது 16,500 சுற்றி. ஆண்டுக் கடைசியில் சட்டப்படி பதின்மூன்றாம் மாதச் சம்பளம் உண்டு, அது அங்கே 1975இலிருந்தே இருக்கிறது, நல்ல ஏற்பாடு.

ஆக, காகிதத்தில் ஒருவர் சம்பாதித்தாலே குடும்பம் 13,873ஐத் தாண்டிவிடுகிறது. அரசு ஆட்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் 13,873 நாடு முழுமைக்குமான சராசரி, மணிலாவின் கோடு அதைவிட மேலே. அதுவும் அந்த 695 எல்லோருக்கும் கிடைக்கும் கூலி அல்ல. 1989 சட்டத்தின்படி ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் தனிக் கூலி வாரியம். மணிலாவை விட்டு வெளியே போகப் போகக் கூலி இறங்கும். அரிசி விலை அந்த அளவுக்கு இறங்காது. வீட்டு வேலை செய்பவர்களுக்குத் தனிச் சட்டம், தனிக் கூலி. மணிலாவிலேயே 2025 தொடக்கத்தில் அவர்களின் குறைந்தபட்சம் மாதம் 7,000 பெசோதான். அப்புறம் 5 மாத ஒப்பந்தத் தொழிலாளர்கள். 6 மாதம் முடிந்தால் நிரந்தரம் ஆக்க வேண்டும் என்பதால் 5 மாதத்தில் அனுப்பிவிட்டு வேறு ஆளை எடுப்பது அங்கே பழைய வழக்கம். "எண்டோ" என்று அதற்குப் பெயரே உண்டு. இவர்களுக்கு ஆண்டுக்கு எத்தனை மாதம் கூலி வரும் என்பதே நிச்சயமில்லை.

1987 அரசியல் சாசனம் தொழிலாளிக்கு வாழ்வதற்கான கூலி உரிமை என்று எழுதி வைத்திருக்கிறது. இபோன் என்ற ஆய்வு அமைப்பு 5 பேர் குடும்பத்துக்கு மணிலாவில் அது எவ்வளவு என்று தொடர்ந்து கணக்குப் போடுகிறது. 2024 கடைசியில் வேலை நாளுக்கு 1,200 பெசோ அளவில் வந்தது, மாதம் சுமார் 22 வேலை நாள் என்ற அவர்கள் கணக்கில் 26,000 சுற்றி. சட்டம் தரும் கூலி இதில் பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். 2025 ஜூனில் கீழவை 200 பெசோ உயர்வு மசோதாவை நிறைவேற்றியது. செனட் நிறைவேற்றியிருந்தது 100 பெசோ. இரண்டையும் இணைக்காமலே அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிந்து, மசோதா செத்துப்போனது. எனக்கு இது ஆறவே இல்லை.

---

அஸ்லம்_திருச்சி எழுதியது:

எல்லோரும் கோட்டையும் கூலியையும் குறை சொல்கிறீர்கள். நான் சவுதியில் பல வருடம் பிலிப்பைன்ஸ்காரர்களோடு இருந்தவன். சம்பளம் வந்த வாரமே பெட்டி பெட்டியாகச் சாமான் வாங்கி ஊருக்கு அனுப்புவார்கள். ஊரில் திருவிழா என்றால் கடன் வாங்கியாவது பன்றி வறுப்பார்கள். இப்போது ஆன்லைன் சூதாட்டம் வேறு. குழந்தைகளும் அதிகம். 30,000 வந்தாலும் இப்படிச் செலவு செய்தால் எப்படி மேலே வருவது? சேமிப்புப் பழக்கம் பற்றி யாராவது பேசுங்கள்.

---

வளர்மதி_சிங்கை எழுதியது:

அஸ்லம் பாய், நீங்கள் பார்த்தது பெட்டியை அனுப்பிய ஆளை. பெட்டி போய்ச் சேரும் வீட்டையும் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் பெண் இலோய்லோ பக்கத்துக் கிராமம். சம்பளம் வந்த அன்றே முக்கால்வாசி ஊருக்குப் போய்விடும். அவள் நோட்டில் எழுதி வைத்திருப்பதைக் கேட்டு எனக்கே காட்டியிருக்கிறாள். தம்பியின் கல்லூரி விடுதி, அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை, அக்கா பிள்ளைகளுக்கு ஷூ, கூரைத் தகரம், ஈமச் சடங்குக்கு வாங்கிய பழைய கடன். தனக்கென்று ஒரு வரி இல்லை. அவள் அனுப்பும் காசு ஒரு குடும்பத்துக்கு இல்லை, மூன்று குடும்பத்துக்கு. நீங்கள் சேமிப்பு என்று சொல்வதை அவர்கள் உறவுக்குள் போட்டு வைக்கிறார்கள். நாளை இவள் விழுந்தால் தூக்கிவிட அந்தத் தம்பிதான் வர வேண்டும், வேறு எந்த நிதியும் இல்லை.

குழந்தைகள் கணக்கும் பழசாகிவிட்டது. 2022 தேசியக் கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.9 பிள்ளைகள் என்று வந்தது. ஐந்தே ஆண்டுக்கு முன் அது 2.7.

சூதாட்டம் பற்றி நீங்கள் சொன்னது உண்மை, மறுக்கவில்லை. கையடக்கப் பேசியில் பணப்பையோடு சூதாட்டச் செயலி ஒட்டிக்கொண்டு வந்ததால் எத்தனை வீடு போயிற்றோ. 2025இல் மத்திய வங்கியே தலையிட்டு அந்த இணைப்புகளைத் துண்டிக்கச் சொன்னது.

---

கீர்த்தனா_டவாவோ எழுதியது:

சேமிப்பு பற்றி அஸ்லம் அண்ணா கேட்டதற்கு நான் பார்த்த ஒன்று.

என் விடுதிக்குக் கீழே ஒரு சரி-சரி கடை, நம் பெட்டிக்கடை மாதிரி. அங்கே சமையல் எண்ணெயைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு விற்பார்கள், ஒரு வேளை சமையலுக்கு. சோயா சாஸ், வினிகர், பூண்டு ரெண்டு பல், ஷாம்பு, டயப்பர் ஒன்று என்று எல்லாமே உதிரி. "திங்கி" என்பார்கள். லிட்டர் பாட்டில் வாங்கினால் மலிவு என்பது அந்த அக்காக்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் வீட்டுக்காரர் அன்றாடம் கொண்டுவரும் காசில் அன்று ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கினால் அரிசி வாங்க முடியாது. காசு மொத்தமாக வராத வீட்டில் பொருளும் மொத்தமாக வராது. ஒரே எண்ணெய்க்கு ஏழைதான் அதிக விலை கொடுக்கிறார்.

கடனும் அப்படியே. "ஃபைவ்-சிக்ஸ்" என்று ஒரு வட்டி உண்டு. 5 வாங்கினால் 6 திருப்ப வேண்டும், தினத்தவணையாக, பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்துக்குள். இந்தத் தொழிலில் பஞ்சாபிகள் அதிகம், மோட்டார் சைக்கிளில் வந்து வசூல் செய்வார்கள். அதனால் இங்கே இந்தியர் என்றாலே வட்டிக்காரர் என்று சிலர் நினைப்பதை நாங்களே அனுபவித்திருக்கிறோம். நம்மூர்க் கந்துவட்டிதான், ஆனால் ஆள் வைத்து மிரட்டுவது பற்றி நான் கேள்விப்படவில்லை. வங்கி இவர்களுக்குக் கதவைத் திறக்காது. காய்கறி விற்கும் பெண்ணுக்கு விடியற்காலையில் சரக்கெடுக்க 5,000 யார் கொடுப்பார்? அவர்தான் கொடுப்பார்.

எனவே "எவ்வளவு வருமானம்" என்று கேட்கும்போது "எப்படி வரும் வருமானம்" என்றும் கேட்க வேண்டும். மாதம் 18,000 சம்பளமாக வருவதும், சராசரியாக 18,000 தேறும் ஜீப்னி (இங்கத்து மினி பஸ்) ஓட்டமும் ஒன்றல்ல. ஓட்டுநர் வண்டிக்காரருக்கு அன்றாட வாடகையும் டீசலும் கட்டியது போகத்தான் அவருக்கு. புயல் எச்சரிக்கை வந்த வாரம் ஒன்றும் தேறாது.

---

செந்தில்_ஜெபல்அலி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நண்பரை உட்கார வைத்து அவருடைய வீட்டுச் செலவை வரி வரியாக எழுதினோம். காலோகானில் மனைவி தொலைபேசியில் சொல்லச் சொல்ல எழுதியது. அப்படியே போடுகிறேன்.

ஒற்றை அறை வாடகை 4,000. மின்சாரம் 1,500, தண்ணீர் 400, கேஸ் 950. சாப்பாடு நாளுக்கு 350 என்று மாதம் 10,500. இதில் அரிசி மட்டுமே 2,000க்கு மேல். அம்மாவின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை 1,500. அரசுப் பள்ளிதான், கட்டணம் இல்லை, ஆனால் பிள்ளைகளுக்குத் தினமும் பள்ளிக்குக் கையில் கொடுக்கும் காசு, புராஜெக்ட் அட்டை, நகல் எடுப்பது எல்லாம் சேர்த்து 1,600. சோப்பு, ஷாம்பு, துணி துவைக்க 800. போன் ரீசார்ஜ் 300. அவர் ஊரில் வேலைக்குப் போனால் ஜீப்னிக் குறைந்தபட்சக் கட்டணம் 13 பெசோ, இரண்டு வண்டி மாற வேண்டும், போக வர மாதம் 1,400.

கூட்டினால் 22,950. துணிமணி இல்லை, பிறந்தநாள் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, கடன் தவணை இல்லை. பாண்டியன் அண்ணன் சொன்ன 16,500 கையில் வந்தால் மாதாமாதம் 6,000க்கு மேல் துண்டு விழும்.

ஆக, அரசுக் கோட்டின்படி இந்தக் குடும்பம் ஏழை இல்லை. அந்த அட்டையைக் காட்டினால் அவர் மனைவி எந்தப் பக்கம் கை வைப்பார் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லையாம்.

---

மகிழ்நன் எழுதியது:

செந்தில், உங்கள் பட்டியல் இந்த இழையின் மிக முக்கியமான பதிவு. இப்போது கேள்விக்கு நேராக வருகிறேன்.

பிலிப்பைன்ஸ் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் ஹோசே ரமோன் ஆல்பர்ட் குழு வருமான வகுப்புகளைப் பிரித்து வைத்திருக்கிறது. கோட்டுக்குக் கீழே ஏழை. கோட்டிலிருந்து இரண்டு மடங்கு வரை "குறைந்த வருமானம், ஆனால் ஏழை அல்ல". இரண்டு மடங்கிலிருந்து நான்கு மடங்கு வரை கீழ் நடுத்தரம். 2023 கோட்டை வைத்துப் போட்டால் இரண்டு மடங்கு என்பது 27,746. இபோன் கணக்கு 26,000. செந்தில் நண்பரின் 22,950இல் விடுபட்ட துணியையும் வைத்தியத்தையும் சேர்த்தாலும் அதே 26,000, 27,000 பக்கம்தான் போய் நிற்கும். தனித்தனி வழியில் வந்த மூன்று கணக்கு ஒரே இடத்தில் கூடுகிறது. அதனால் மணிலாப் பகுதியில் 5 பேர் குடும்பத்துக்கு வறுமையிலிருந்து வெளியே வருவதற்கான என் பதில் மாதம் 27,000, அதுவும் கையில் வரும் தொகையாக, ஆண்டு முழுக்க. 13,873 என்பது அந்த வறுமைக்குள்ளேயே ஒரு படி.

"கண்ணியமான வாழ்க்கை" என்று கேட்டால் எண் இன்னும் மேலே போகும். 2018இல் திட்டமிடல் அமைப்பான நெடாவே 5 பேர் குடும்பம் கண்ணியமாக வாழ மாதம் 42,000 வேண்டும் என்று சொன்னது. அதற்குச் சில நாள் முன்பு 10,000 பெசோவை வைத்து ஓர் உதாரணம் சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்ட பிறகு சொன்னது. விலைவாசி உயர்வைச் சேர்த்தால் அந்த 42,000 இன்று 50,000ஐத் தாண்டும். அரசே வைத்திருக்கும் 2040 தொலைநோக்குத் திட்டத்தில், மக்கள் விரும்பும் எளிய, வசதியான வாழ்க்கைக்கு மாதம் 1,20,000 என்று இருக்கிறது. ஒரே அரசிடம் இத்தனை எண்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் புள்ளியியல் ஆணையத்தின் பக்கம் நிற்பேன். கோட்டை நினைத்தபோதெல்லாம் உயர்த்தினால், 2015இலிருந்து வறுமை கூடியதா குறைந்ததா என்று ஒப்பிடவே முடியாது. கொரோனாவால் 2018இன் 16.7 சதவீதம் 2021இல் 18.1 ஆனது என்று நமக்குத் தெரிவதே அளவுகோல் மாறாததால்தான். அளப்பதற்கு அந்தக் கோடு இருக்கட்டும். அதை வைத்து யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்று தீர்மானிப்பதுதான் தப்பு.

ஏழைக் குடும்பங்களுக்கு அரசு பணம் கொடுக்கும் 4பிஎஸ் உதவித் திட்டத்தைப் பாருங்கள். 2008இல் தொடங்கி, 2019இல் தனிச் சட்டமே ஆனது. சுமார் 44 லட்சம் குடும்பங்கள். பிள்ளை 85 சதவீத நாள் பள்ளிக்குப் போக வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும். சட்டப்படி ஆரோக்கிய உதவி மாதம் 750, அரிசிக்கு 600, படிப்புக்குத் தொடக்கப் பள்ளியில் 300, நடுவில் 500, மேல்நிலையில் 700, மூன்று பிள்ளைகள் வரை. பிள்ளைகளைப் பள்ளியில் தக்க வைத்ததில் இந்தத் திட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் பொதுவாக 7 ஆண்டுதான். அதற்குள் குடும்பம் மேலே வந்துவிட வேண்டும். சமூக நலத் துறை குடும்பங்களைப் பிழைத்திருத்தல், அன்றாடம் காய்ச்சுதல், தற்சார்பு என்று மூன்று படியாகப் பிரிக்கிறது. வருமானத்தோடு படிப்பு, உடல்நலம் எல்லாம் பார்த்துத்தான் பிரிக்கிறது, நல்ல யோசனை. நடைமுறையில் இரண்டாம் படியில் ஏறிய குடும்பம், ஒரு புயலிலோ ஒரு டயாலிசிஸிலோ மறுபடி கீழே வந்துவிடுகிறது. நாட்டின் மருத்துவச் செலவில் 40 சதவீதத்துக்கு மேல் இன்னும் நோயாளியின் கைக்காசு.

---

பாண்டியன்_தொழிற்சங்கம் எழுதியது:

மகிழ்நன் சொன்ன 27,000ஐ மணிலாவுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏழைகள் அதிகம் இருப்பது மணிலாவில் இல்லை. அங்கே ஏழைக் குடும்பங்கள் சதவீதம் நாட்டிலேயே குறைவு. தெற்கே உள்ள சம்பவாங்கா தீபகற்பமும் பாங்சாமோரோவும்தான் வறுமையில் மேலே இருக்கின்றன. 2021இல் விவசாயிகளிலும் மீனவர்களிலும் 100க்கு 30 பேர் ஏழைகள், நாட்டுச் சராசரியோ 18. நாட்டுக்கே சோறும் மீனும் போடுபவர்கள்! தென்னந்தோப்பில் குத்தகைக்கு இருப்பவருக்குக் கொப்பரை விலை விழுந்தால் அந்தக் காலாண்டே போச்சு. 2013இல் ஹையான் புயல் தக்லோபன் பக்கம் தென்னைகளைக் கோடிக்கணக்கில் சாய்த்தது. புதுத் தென்னை காய்க்க 6, 7 வருடம். அந்த 7 வருடத்துக்கு மாத வருமானம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் நான் என்ன எண் சொல்ல?

கிராமத்தில் வாடகை இல்லை, கீரை கொல்லையில் கிடைக்கும். அதனால் 27,000 வேண்டாம், 18,000, 20,000 போதும் என்று நினைக்கிறேன். இது என் மதிப்பீடு. அந்த 18,000 அங்கே யாருக்கு வருகிறது என்பதுதான் கேள்வி.

---

அஸ்லம்_திருச்சி எழுதியது:

வளர்மதி அக்கா, கீர்த்தனா, படித்தேன். உறவுக்குள் போட்டு வைப்பதும் ஒரு சேமிப்புதான் என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த உறவு முழுவதும் ஒரே கிராமத்தில், ஒரே புயலில் இருந்தால் எல்லோரும் ஒன்றாகத்தானே விழுவார்கள்? அதற்காகத்தான் கூட்டுறவு, காப்பீடு பற்றிக் கேட்டேன். செந்தில், உங்கள் நண்பர் மனைவிக்கு ஏதாவது தொழில் தெரியுமா? ஒருவர் சம்பளத்தில் 27,000 வராது, இருவர் சேர்ந்தால் வரும்.

---

செந்தில்_ஜெபல்அலி எழுதியது:

தையல் தெரியும் பாய். மெஷின் இருக்கிறது, பள்ளிச் சீருடை தைக்கிறார், ஜூன் சமயம் மட்டும் நல்ல வேலை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் வெளியே போக முடியாது.

27,000 என்ற எண்ணை அவரிடம் சொன்னேன். அவர் கணக்கு இப்படி: ஊரில் அவருக்கு 16,500, மனைவிக்குச் சராசரி 4,000. மொத்தம் 20,500. அன்றாடச் செலவுக்கே 2,500 குறைகிறது, 27,000க்கு 6,500 குறைகிறது. இங்கிருந்து இப்போது மாதம் 25,000 அனுப்புகிறார், மனைவியின் 4,000 தனி. மூத்த பெண் பத்தாம் வகுப்பு. 2017 சட்டத்துக்குப் பிறகு அரசுக் கல்லூரியில் கட்டணம் இல்லை, ஆனால் பஸ், புத்தகம், மதியச் சாப்பாடு இருக்கிறது. அவள் மேல்நிலை முடிக்கும் வரை இங்கேயே ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது என்று முடிவெடுத்திருக்கிறார். அதற்குள் ஃபைவ்-சிக்ஸ் பாக்கியை அடைப்பது முதல் வேலை.

கீர்த்தனா, ஒரு உதவி. அம்மாவின் சர்க்கரை மாத்திரை அரசுச் சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்குமா? அந்த 1,500 மிச்சமானால் பெரிய விஷயம்.

---

கீர்த்தனா_டவாவோ எழுதியது:

கிடைக்கும் செந்தில் அண்ணா. பாரங்கே (நம் வார்டு மாதிரி) சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தால் மெட்ஃபார்மினும், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், லோசார்டான் போன்றவையும் கொடுப்பார்கள். சில மாதம் இருப்பு தீர்ந்துவிடும், அதனால் மாதத் தொடக்கத்திலேயே போகச் சொல்லுங்கள். அம்மாவுக்கு 60 வயது ஆகிவிட்டதா? மூத்த குடிமக்கள் அட்டை இருந்தால் மருந்துக்கடையில் 20 சதவீதத் தள்ளுபடியும் மதிப்புக் கூட்டு வரி விலக்கும் சட்டப்படி உண்டு. மருத்துவரின் சீட்டும் அட்டையும் கையில் இருக்க வேண்டும். பிள்ளைகள் போய் வாங்கினால் அங்கீகாரக் கடிதம் கேட்பார்கள். அட்டை நகராட்சியின் மூத்த குடிமக்கள் அலுவலகத்தில் எடுக்க வேண்டும், காசு கிடையாது.